பிடிச்ச சேனலுக்கு மட்டும் காசு... கணக்கு எங்கே உதைக்கிறது?

'பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.' 2019 பிப்ரவரியில் டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) புதிய கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்தபோது சொல்லப்பட்டது இதுதான். ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை, வேண்டியதை மட்டும் டிக் செய்யலாம். ஆனால், இன்றைக்கும் பல வீடுகளில் ஓடுவது கேபிள்காரர் போட்டுக்கொடுத்த பேக்தான். மக்களின் சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. கணக்கே அப்படி!

ஒரு நிறுவனத்துக்கு 5 சேனல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 19 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேக்கில் சேர்க்கப்படும் சேனலுக்கு இதுதான் உச்சபட்ச விலை. தனித்தனியாக வாங்கினால் 95 ரூபாய். இதையே பேக்காகக் கொடுத்தால் 45 சதவிகிதம் வரை தள்ளுபடி தரலாம் என்கிறது 2022-ல் டிராய் செய்த திருத்தம். அதாவது, 5 சேனலும் சேர்த்து 52 ரூபாய் 25 காசு. உங்களுக்கு அதில் 3 சேனல் மட்டும் போதுமா? தனியாக எடுத்தால் 57 ரூபாய்! குறைவாகக் கேட்பவருக்குத்தான் விலை அதிகம். இந்த நிலையில் யார் தனியாக வாங்குவார்கள்?

நிறுவனங்களுக்கு இதில் என்ன லாபம்? ஆள் பார்க்காத சேனலும் பேக்கில் ஒட்டிக்கொண்டு லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்விடும். 'இத்தனை வீடுகளில் இருக்கிறோம்' என்று காட்டி விளம்பரம் பிடிக்கலாம்.

டிராய்க்கு இது தெரியாதா? தெரியும். முதலில் போட்ட விதியில் தள்ளுபடிக்கு 15 சதவிகிதம்தான் வரம்பு. அதை வைத்துக் கணக்குப் போட்டால் அதே 5 சேனல் பேக் 80 ரூபாய் 75 காசுக்குக் குறையாது. 3 சேனல் மட்டும் எடுப்பவருக்கு 57 ரூபாய் நிஜமாகவே மிச்சம்தான். ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் தொடர்ந்த வழக்கில், அந்த வரம்பை மட்டும் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மற்ற விதிகளை அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆக, மெனு கார்டு வந்தது, மெனுவுக்கு அர்த்தம் கொடுத்த விதி வரவில்லை. பிறகு சில ஆண்டு இழுபறிக்குப் பின் வந்ததுதான் இந்த 45.

இன்னொரு சங்கதி, நெட்வொர்க் கட்டணம். 2019-ல் 100 சேனல்கள் வரை 130 ரூபாய், அதற்கு 18 சதவிகித ஜிஎஸ்டி. மொத்தம் 153 ரூபாய் 40 காசு. நீங்கள் நாலே நாலு சேனல் பார்த்தாலும் இது குறையாது. 2020-ல் இதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று மாற்றினார்கள். சேனலைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்க நினைத்தவருக்கு அதனால் என்ன பயன்? 2024 ஜூலையில் இந்தக் கட்டணத்துக்கான உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. கேபிள், டிடிஎச் நிறுவனங்களே தொகையை முடிவு செய்யலாம்.

உங்கள் வீட்டு பில்லைக் குறைக்க வேண்டுமென்றால், முதலில் அதில் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனல்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சேனல்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் பார்ப்பவருக்குத் தனியாக எடுப்பது பெரும்பாலும் லாபம். மூன்றைத் தொட்டால் பேக் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். கட்டணமில்லாச் சேனல்களுக்குத் தனி விலை கிடையாது. நீங்கள் பார்ப்பது அந்த ரகமா என்று கேபிள்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.