திமிலில் தண்ணீரா?



தெமோதரையில் ஒருநாள் வகுப்பில், "ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "தண்ணீர்" என்றனர் பிள்ளைகள். "உம்மா சொல்லித் தந்தார்" என்றாள் ஒரு சிறுமி.

உண்மையில் அங்கிருப்பது கொழுப்பு. தீனி கிடைக்காத நாட்களில் அதுவே உணவாகிறது. கொழுப்பு ஓரிடத்தில் சேர்ந்திருப்பதால் மற்றப் பகுதிகள் சூட்டை இலகுவாக வெளியே விடுகின்றன. தண்ணீரைக் கண்டால் ஒரே தடவையில் 100 லீட்டர் வரை குடித்துவிடும்.

ஒட்டகத்தின் படைப்பைக் கவனிக்குமாறு திருமறையின் 88ஆவது அத்தியாயம் அழைக்கிறது. அது பாலைவன மக்களின் கண்ணெதிரே நின்ற பிராணி. நம் பிள்ளைகளின் கண்ணெதிரே நிற்பவை எவை?

இங்கிருந்து ரயிலேறி ஒஹியவில் இறங்கினால் ஹோட்டன் சமவெளிக்குப் போகலாம். 2000 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்பிரதேசம். அங்குள்ள மந்தியின் உரோமம் நீண்டு அடர்ந்திருக்கும். தாழ்நிலத்தில் வாழும் அதே இன மந்திக்கு அவ்வளவு அடர்த்தி இல்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோழியின் காலையும் தாராவின் காலையும் காட்டி, "நீந்த எது உதவும்? மண்ணைக் கிளற எது உதவும்?" என்று கேளுங்கள். பார்த்துவிட்டுப் பிள்ளையே விடை சொல்லட்டும்.

நமக்குத் தெரியாததைக் கேட்டால், "தெரியாது மகள், தேடிப் பார்ப்போம்" என்று சொல்வதில் குறைவில்லை. உம்மா ஊகித்துச் சொன்னதையும் பிள்ளை உண்மையென்றே நம்பிவிடும்.