இயந்திரத்தின் பாடபேதங்கள்

பழைய நூலொன்றின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்குகிறவர், ஒரு சொல் மாறியிருப்பதைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார். எது முந்தைய பாடம், எது பின்னால் புகுந்தது, ஏன் புகுந்தது என்று கேட்கத் தொடங்குவார். பாடபேதம் என்ற சொல்லுக்கு நம் வாசிப்பு மரபில் உள்ள கனத்தை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கவனத்தின் ஒரு பங்கையேனும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வீடியோ கேம் கருவிகளுக்கும் தர வேண்டும் என்று வாதிடவே இக்கட்டுரையை எழுதுகிறோம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை மரியாதையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களிடம் சற்றுப் பொறுமையை மட்டும் வேண்டிக்கொள்கிறோம்.

முதலில் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய நிறுவனமான சேகா 1988 அக்டோபரில் தன் நாட்டில் மெகா டிரைவ் என்ற பெயரில் வெளியிட்ட கருவி, 1989-இல் வட அமெரிக்காவுக்கு ஜெனிசிஸ் என்ற பெயரில் சென்றது. தொடக்ககாலப் பிரதி ஒன்றில் கார்ட்ரிட்ஜைச் செருகி மின்சாரம் கொடுத்தால் விளையாட்டு நேரே தொடங்கிவிடும். நடுவில் எவரும் எதுவும் பேசுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து வந்த பிரதியில் அதே கார்ட்ரிட்ஜைச் செருகினால், கருந்திரையில் முதலில் ஒரு வாசகம் தோன்றும்: இது சேகா எண்டர்பிரைசஸ் நிறுவனத்தால், அல்லது அதன் உரிமத்தின் கீழ், தயாரிக்கப்பட்டது. சில நொடிகள் நின்று அது மறையும். அதன் பிறகே விளையாட்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அமெரிக்கப் பிரதிகளின் மேல்மூடியில் 'ஹை டெஃபினிஷன் கிராஃபிக்ஸ்' என்ற பொறிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துச் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் வேறுபாட்டை ஊகிக்கிறார்கள். ஆனால் உண்மையான வேறுபாடு உள்ளே, 2 கிலோபைட் அளவேயான ஒரு நிரந்தர நினைவகத்தில் இருக்கிறது.

அந்தச் சிறு நினைவகத்தில் திரைக்கு வரும் வாசகத்தோடு, திரைக்கு என்றுமே வராத எழுத்தும் உண்டு. மெகா டிரைவுக்காக எழுதப்படும் ஒவ்வொரு விளையாட்டின் தொடக்கத்திலும், பதினறும எண்ணில் 100 எனக் குறிக்கப்படும் முகவரியிலிருந்து, ஒரு முகப்புப் பகுதி இருக்கும். கருவியின் பெயர், காப்புரிமைக் குறிப்பு, ஜப்பானில் வழங்கும் தலைப்பு, வெளிநாட்டில் வழங்கும் தலைப்பு, வரிசை எண், சரிபார்ப்புக் கூட்டுத்தொகை என்று அது நீளும். ஒரு நூலின் பதிப்புரிமைப் பக்கத்தை ஒத்த அமைப்பு இது. கருவிக்குள் ஒளிந்திருக்கும் தொடக்க நிரலும் தனக்கு அப்படியொரு முகப்பை வைத்திருக்கிறது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அது தன்னை 'ஜெனிசிஸ் ஓ.எஸ்.' என்று அழைத்துக்கொள்கிறது. கோடிக்கணக்கானோர் விளையாடிய ஒரு கருவி தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் இது. விளையாடியவர் எவரும் அதைத் திரையில் கண்டதில்லை.

இப்போது அந்த வாசகம் ஏன் புகுந்தது என்ற கேள்விக்கு வருவோம். கள்ளப் பிரதிகளையும், தன் அனுமதியின்றி விளையாட்டு வெளியிடும் நிறுவனங்களையும் தடுக்க விரும்பிய சேகா, வணிகச்சின்னப் பாதுகாப்பு அமைப்பு என்ற ஏற்பாட்டைச் செய்தது. புதிய பிரதி, கார்ட்ரிட்ஜின் முகப்பில் 'சேகா' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்று பார்க்கும். இருந்தால் உரிம வாசகத்தைக் காட்டிவிட்டு விளையாட்டை நடக்கவிடும். விளையாட்டும் தன் பங்குக்கு அதே நான்கு எழுத்துகளைக் கருவியின் குறிப்பிட்ட முகவரி ஒன்றில் எழுத வேண்டும். எழுதத் தவறினால் படத்தை வரையும் சிப் பூட்டிக்கொள்ளும். ஆக, ஒரு பெயர் இங்கே பெயராக இல்லை, சாவியாகிவிட்டது. சாவியைப் போட்டவர் யாராயினும், அவர் சார்பில் கருவியே ஓர் உரிமை வாசகத்தை அறிவித்துவிடும். அந்த அறிவிப்பு பொய்யாக இருந்தாலும்.

பொய்யானதும் உண்டு. அமெரிக்காவின் அக்கோலேடு நிறுவனம் சேகாவிடம் உரிமம் பெறாமல், சந்தையில் வாங்கிய கருவியையும் மூன்று கார்ட்ரிட்ஜ்களையும் பிரித்தாய்ந்து, இணக்கத்துக்குத் தேவையானவற்றை மட்டும் குறிப்பேடாக எழுதிக்கொண்டு, 'இஷிடோ' என்ற விளையாட்டை 1990-இல் வெளியிட்டது. 1991 ஜனவரியில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் சேகா தன் புதிய பிரதியில் இஷிடோவைச் செருகிக் காட்டியது. அது ஓடவில்லை. வழக்கு ஆவணங்கள் இந்தப் பிரதியை 'ஜெனிசிஸ் 3' என்று குறிக்கின்றன. 1998-இல் அப்பெயரோடு கடைக்கு வந்த கருவி வேறு. அக்கோலேடு மீண்டும் ஆய்ந்து, தேவையான சிறு நிரல்துண்டைக் கண்டறிந்து தன் அடுத்த விளையாட்டுகளில் சேர்த்தது. அவை ஓடின. ஆனால் சேகாவின் உரிமத்தின் கீழ் தயாரிக்கப்பட்டவை என்ற வாசகமும் அவற்றின் முன்னால் வந்து நின்றது. 1991 அக்டோபரில் சேகா வழக்குத் தொடுத்தது.

கீழ் நீதிமன்றம் 1992 ஏப்ரலில் அக்கோலேடுக்குத் தடை விதித்தது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ஆகஸ்டில் நீக்கி, அக்டோபரில் விரிவான தீர்ப்பை வழங்கியது. ஒரு நிரலின் காப்புரிமை பெறாத இயங்குமுறையை அறிய வேறு வழியில்லாதபோது, நியாயமான காரணத்துக்காக அதைப் பிரித்துப் படிப்பது நியாயப் பயன்பாடே என்றது நீதிமன்றம். 5 லட்சம் முதல் 15 லட்சம் பைட்டுகள் கொண்ட விளையாட்டுகளில் சர்ச்சைக்குரிய பகுதி 20 முதல் 25 பைட்டுகளே என்பதையும் அது குறித்தது. திரையில் தோன்றிய பொய்க்கு முதன்மைப் பொறுப்பாளி அந்த ஏற்பாட்டைச் செய்த சேகாதான் என்றும் சொன்னது. எழுதியவன் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு கூர்மையான விடையை இலக்கிய விமரிசனத்திலேயே நாம் அரிதாகக் காண்கிறோம். பக்கத்தை நிரப்பியவர் அக்கோலேடு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைப் பேசியது கருவி. கருவியைப் பேசவைத்தது சேகா.

இதற்கு நேர் எதிரான மறைவெழுத்து ஒன்றும் உண்டு. அட்டாரி நிறுவனம் தன் நிரலாளர்களின் பெயரை விளையாட்டுகளில் வெளியிட மறுத்துவந்த காலத்தில், 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட், எளிதில் எட்ட முடியாத ஓர் அறையில் தன் பெயரை ஒளித்துவைத்தார். அங்கே தன் உழைப்பின்மேல் தன் பெயரைப் பொறிக்க ஒருவர் கள்ளத்தனம் செய்ய நேர்ந்தது. இங்கே பிறர் உழைப்பின்மேல் தன் பெயரைப் பொறிக்க ஒரு நிறுவனம் பூட்டுச் செய்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலத்தின் மென்பொருள் உழைப்பைப் பற்றிய உண்மை துலங்கும் என்பது எம் எண்ணம்.

இன்னும் சிறிய பாடபேதங்களும் உண்டு. 1989-இல் வெளிவந்த நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியில் தொடக்க நிரல் 256 பைட்டுகளே. திரையில் மேலிருந்து மெல்ல இறங்கிவரும் நிண்டெண்டோ என்ற சின்னம் கருவிக்குள்ளிருந்து வருவது போலத் தோன்றும். உண்மையில் அது கார்ட்ரிட்ஜிலிருந்து படிக்கப்படும் 48 பைட்டுகள். காட்டிய பின் கருவி அதைத் தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு பைட் பிறழ்ந்தாலும் நின்றுவிடும். மிக ஆரம்பகாலச் சிப்புகள் சிலவற்றில் மட்டும் வேறொரு பாடம் இருக்கிறது. அதில் ஒப்பீடு முதலில் நடக்கும், காட்சி பின்னால் வரும். தவறினால் திரை விட்டுவிட்டு மினுங்கும். சின்னத்தின் அருகே வழக்கமாக நிற்கும் பதிவுபெற்ற வணிகச்சின்னக் குறியும் அதில் இல்லை. 1996-இல் வந்த கேம் பாய் பாக்கெட்டின் தொடக்க நிரலோ முந்தையதிலிருந்து ஒரே ஒரு பைட்டால் மாறுகிறது. அந்த ஒரு பைட்டை வைத்து, தான் எந்தக் கருவியில் ஓடுகிறோம் என்பதை ஒரு விளையாட்டு அறிந்துகொள்ள முடியும்.

இந்த 256 பைட்டுகளைப் படிப்பதும் எளிதாக இருக்கவில்லை. வேலை முடிந்ததும் அந்த நிரல் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். அதன்பின் கருவியில் ஓடும் எந்த நிரலாலும் அதை எட்ட முடியாது. கருவி வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2003-இல், ஆர்வலர் ஒருவர் சிப்பின் மேலுறையை நீக்கி, உள்ளே இருந்த பிட்டுகளை நுண்ணோக்கியின் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்து அதைப் படியெடுத்தார். செல்லரித்த ஏட்டைக் கண் வலிக்கப் படித்தவர்களின் வரிசையில் அவரையும் வைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

பேதம் எழுத்தில் மட்டும் இல்லை, ஒலியிலும் இருக்கிறது. மெகா டிரைவின் முதல் பிரதிகளில் இருந்த யமாஹாவின் ஒய்.எம்.2612 சிப்பில், மெல்லிய ஒலிகளைச் சற்றுச் சிதைத்து உரக்க ஒலிக்கவைக்கும் குறை ஒன்று இருந்தது. பின்னர் வந்த பிரதிகள் பலவற்றில் அக்குறை பெரும்பாலும் திருத்தப்பட்டது. ஆனால் 'ஆஃப்டர் பர்னர் 2' போன்ற விளையாட்டின் இசை அந்தக் குறையைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டது. திருத்தப்பட்ட கருவியில் அந்த இசை மங்கலாகக் கேட்கிறது. பிழை நீங்கியது, அதோடு பாடலின் ஒரு பகுதியும் நீங்கியது. பிழைதிருத்தும் ஆர்வத்தில் மூலத்தை இழக்கும் பதிப்பாசிரியரின் பழைய துயரம்தான் இது.

இத்தகைய பேதங்களை எல்லாம் பாதுகாக்க வேண்டுமா, ஒரு வகைக்கு ஒரு கருவி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. இடமும் பணமும் எல்லையற்றவை அல்ல. ஆயினும் சேகா வழக்கின் வரலாற்றை ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு புரிந்துகொள்ள முடியாது. பழைய பிரதி மட்டும் எஞ்சினால் பூட்டு இருந்ததே தெரியாது. புதியது மட்டும் எஞ்சினால், அந்த வாசகம் தொடக்கம் முதலே அங்கே இருந்தது என்று வருங்காலம் நம்பிவிடும், இடைச்செருகல் மூலமாகிவிடும். கணினியில் பழைய கருவியைப் போலியாக இயக்கும் எமுலேட்டர்கள் பலவும் தொடக்க நிரலைத் தாண்டிக் குதித்து நேரே விளையாட்டுக்குப் போகின்றன. விளையாடுகிறவருக்கு அது வசதி. ஆனால் கடவுள் வாழ்த்தையும் பாயிரத்தையும் நீக்கிய பதிப்பை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு நூலைப் பாதுகாத்துவிட்டோம் என்று எவரும் சொல்லமாட்டார்.

உரிமையாளர்களின் தரப்பையும் நாம் புறந்தள்ளவில்லை. தொடக்க நிரலும் காப்புரிமை உள்ள படைப்பே; அதை விற்பவரிடமிருந்து காக்கச் சட்டம் வேண்டும். ஆனால் விற்காத ஒன்றைப் படிப்பவரிடமிருந்தும் காக்க வேண்டுமா? வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. நூலகங்களில் உள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டு எழுந்த கோரிக்கையை அந்நாட்டின் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்கவில்லை. சந்தையிலும் இல்லை, நூலகத்துக்கு நேரில் செல்ல இயலாதவருக்கும் இல்லை என்றால், அந்த எழுத்தை யாருக்காகக் காக்கிறோம்?

ஆகவே நம் நிலைப்பாடு இது. கருவிகளைச் சேகரிக்கும் அருங்காட்சியகங்களும் தனியாரும் பெயரையும் ஆண்டையும் மட்டும் குறிக்காமல், உள்ளிருக்கும் பலகையின் திருத்த எண்ணையும் தொடக்க நிரலின் பாடத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒலியும் படமும் மேம்பட வேண்டும் என்று பழைய கருவிகளின் சிப்புகளை மாற்றுபவர்கள், மாற்றுமுன் உள்ளே இருந்ததைக் குறித்து வைக்க வேண்டும். எமுலேட்டர் எழுதுபவர்கள் எந்தப் பிரதியைப் பின்பற்றுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். இயன்றால் பிரதிகளை மாற்றிப் பார்க்கும் வசதியும் தர வேண்டும். 1992-இன் தீர்ப்பு போட்டியாளர் ஒருவருக்குத் தந்த படிக்கும் உரிமையை, வணிக நோக்கம் ஏதுமற்ற ஆய்வாளருக்கும் தூரத்திலிருந்து படிக்கும் வகையில் சட்டம் விரித்துக் கொடுக்க வேண்டும்.

கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. மின்தேக்கிகள் கசிகின்றன, செம்புத் தடங்கள் அரிக்கப்படுகின்றன, ஒருநாள் சிப்பும் மௌனமாகிறது. ஒரு பைட் மாறிய பாடத்துக்கு என்ன மதிப்பு என்று இன்றே தீர்மானிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அதைத் தீர்மானிக்கப் பிற்காலத்தவருக்கு இரண்டு பிரதிகளும் கையில் இருக்க வேண்டும். அவ்வளவே நாம் கேட்பது.