சீட்டு இல்லப்பா... கேம்!

போன வாரம் லேப் ரெக்கார்டை ஒரே ராத்திரியில் முடிக்க நான் கொடுத்த ஐடியாவை நம்பி ஹெச்.ஓ.டி-யிடம் மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் முதல்ல ஒரு ஸாரி. இந்த வாரம் யாரையும் மாட்டிவிடாத மேட்டர். 2025-ல் தூக்கத்தைத் தொலைச்சு நான் விளையாடின கேம்களில் மனசுல நின்னது எது?

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். என் லேப்டாப் அண்ணன் யூஸ் பண்ணித் தள்ளிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. மடியில் வெச்சா தோசை சுடலாம். 2024-ல் ஊரே கொண்டாடின 'பிளாக் மித்: வுகோங்' கேமுக்கு 130 ஜி.பி. இடம் வேணுமாம். நான் எழுதின சி புரோகிராம் எல்லாத்தையும் அழிச்சாலும் அவ்வளவு இடம் தேறாது (அழிச்சா யாருக்கும் நஷ்டமில்லைங்கிறது வேற விஷயம்). அதனால என் லிஸ்ட்டில் இருக்கிறது எல்லாம் குட்டி டீம் செஞ்ச கேம்கள். ரெண்டு, 2024-லேயே வந்தது. எனக்கு எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் வரும், அரியர் ரிசல்ட் மாதிரி.

'ஹாலோ நைட்: சில்க்சாங்'கைச் சொல்லாம விட்டா அடிக்க வருவீங்க. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கிற 'டீம் செர்ரி' 2019-ல் அறிவிச்சு, 2025 செப்டம்பர் 4-ல்தான் ரிலீஸ் பண்ணினாங்க. அன்னிக்குக் கூட்டம் தாங்காம ஆன்லைன் கடைகளே படுத்துடுச்சு. கையில் ஊசியோட ஹார்னெட்னு ஒரு பூச்சிப் பொண்ணு. அழகுன்னா அழகு, கஷ்டம்னா அப்படி ஒரு கஷ்டம்! ஒரு இடத்தில் அப்பாடான்னு பெஞ்சில் உட்காரப் போனா, அந்த பெஞ்சே பொறி. வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னல்கூட இவ்வளவு பண்ண மாட்டார். நான் இன்னும் பாதியில்தான் நிக்கிறேன். முடிச்சவங்க தயவுசெஞ்சு கதையைச் சொல்லிடாதீங்க.

அடுத்தது 'அனிமல் வெல்'. இன்ஜினீயரிங் பசங்க இதைக் கட்டாயம் பார்க்கணும். பில்லி பாஸோனு ஒரே ஆள், சுமார் ஏழு வருஷம் உட்கார்ந்து, கேம் இன்ஜினையும் தானே எழுதிச் செஞ்சது. மொத்த சைஸ் 40 எம்.பி.கூட இல்லை! நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு எடுத்த நாலு நிமிஷ வீடியோ இதைவிடப் பெருசு. இருட்டுக் கிணறு, உள்ளே மிருகங்கள், நடுவுல குட்டியூண்டு உருண்டையா நாம. கையில் கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லை. யோ-யோ, ஃப்ரிஸ்பினு விளையாட்டுச் சாமான்தான். ஒரு புதிரில் ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டரிலும் 50 துண்டுல ஒரு துண்டு மட்டும்தான் தெரியும். எங்கெங்கேயோ இருக்கிறவங்க ஒண்ணு சேர்ந்தாத்தான் படம் முழுசாகும். எனக்கு அதைக் கண்டுபிடிக்கிற மூளை இல்லை. ஆனா கண்டுபிடிச்சாங்கன்னு தெரிஞ்சப்ப சிலிர்த்தது நிஜம்.

இப்ப நம்ம ஹீரோ. 'பலாட்ரோ'. 2024 பிப்ரவரியில் வந்தது. 'லோக்கல்தங்க்'னு புனைபெயர்ல ஒரு கனடாக்காரர் தனியா செஞ்ச சீட்டுக்கட்டு கேம். அஞ்சு சீட்டு வரைக்கும் சேர்த்து இறக்கலாம். அஞ்சும் ஒரே ஜாதின்னா 35 பாயின்ட், கூடவே சீட்டுகளோட மதிப்பு, மொத்தத்தையும் நாலால பெருக்கு. 2, 5, 7, 9, ராஜானு வெச்சுக்குங்க. 68 பெருக்கல் 4, 272. முதல் ரவுண்டைத் தாண்ட 300 வேணும். போச்சா? கையில் ஒரு சாதா ஜோக்கர் இருந்தா பெருக்குற எண்ணோட இன்னொரு நாலு சேரும். இப்ப 544! இப்படி 150 ஜோக்கர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிறுக்குத்தனம். எண் எகிறும்போது ஸ்க்ரீன்ல நெருப்பு பத்திக்கும். 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்'னு நினைக்கும்போது மெஸ்ஸில் இட்லி காலியாகியிருக்கும்.

2025 தீபாவளி லீவு. வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் இதில் மூழ்கிக் கிடக்க, பின்னாடி அப்பா.

"தம்பி... சீட்டா?"

அவர் கேட்ட தொனி உங்களுக்குப் புரியணும்னா எங்க சித்தப்பாவைப் பத்திச் சொல்லணும். 2020 லாக்டவுன்ல ஒரு ரம்மி ஆப்பில் நுழைஞ்சார். வெளியே வரும்போது தாலியைத் தவிர சித்தியோட நகை மொத்தமும் அடகுக் கடையில் இருந்தது. வட்டி கட்டி மீட்டது அப்பா. கல்யாண மண்டபத்தில் விடிய விடிய ரம்மி ஆடின மனுஷன், அதுக்கப்புறம் சீட்டைத் தொடவே இல்லை. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறின அன்னிக்கு, அந்த நியூஸை ரெண்டு தடவை பார்த்தாராம். அம்மா சொன்னாங்க.

நிஜத்தைச் சொல்லணும்னா, பலாட்ரோவில் சீட்டு விழுற சத்தம் கேட்கும்போது சித்தப்பாவோட போன் எனக்கும் ஞாபகம் வரும். அதே 'சரக் சரக்', அதே ஜிகினா. ஐரோப்பாவில் வயசு முத்திரை குத்துற 'பெகி' அமைப்பு இதுக்கு 18 வயசுன்னு போட்டு, அப்பீலுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில்தான் 12-ஆ குறைச்சது. லோக்கல்தங்க்குக்கே அந்தப் பயம் இருந்திருக்கு. எந்தச் சூதாட்ட கம்பெனிக்கும் பலாட்ரோவை விற்கவோ, உரிமை கொடுக்கவோ கூடாதுன்னு தன் உயிலில் எழுதி வெச்சிருக்கிறதா 2024-ல் சொன்னார். 50 லட்சம் காப்பிக்கு மேல வித்த கேம் பாஸ் இது. என் பேவரிட் எதுன்னு கேட்டா இதைச் சொல்றதுக்குப் பாதிக் காரணம் அந்த உயில்தான்.

இதையெல்லாம் ரெண்டு மணிக்கு அப்பாகிட்ட விளக்க முடியுமா?

"காசு எங்க கட்டணும்?"

"கட்ட வேணாம்ப்பா. ஒரு தடவை கேமை வாங்கினா அவ்வளவுதான்."

"ஜெயிச்சா?"

"ஒண்ணும் வராது."

"ஒண்ணுமே வராதா? அப்புறம் எதுக்குடா முழிச்சிட்டிருக்க?"

பதில் இல்லை என்கிட்ட. அவரும் போகலை. சேரை இழுத்துப் போட்டார். மவுஸைத் தொடலை. "அந்த ராணியைத் தூக்கிப் போடு"ன்னார். போட்டேன். ஆறு வந்தது. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு! "ஜாதி வேற வேறயா இருக்கே, செல்லுமா?"ன்னு சந்தேகம் அவருக்கு. இதில் செல்லும்ப்பான்னேன். நெருப்பு பத்திக்கிச்சு. அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு வந்துச்சே... அதை நான் கடைசியா பார்த்தது ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில்.

காலையில் காபி டம்ளரோட வந்து, "நேத்து ஆட்டம் என்னாச்சு?"ன்னு கேட்டார்.

"எட்டாவதுல தோத்துட்டேன்ப்பா. இப்ப ஒண்ணு போடவா?"

வாசலில் வண்டிச் சத்தம். அப்பா எட்டிப் பார்த்துட்டு மெதுவா சொன்னார். "சித்தப்பா வர்றான். லேப்டாப்பை உள்ள கொண்டுபோய் வை."