சன்னலைச் சாத்தாமல் சமைப்போம்

பீஃப் நூடுல்ஸ் செய்ய நான் கற்றுக்கொண்டது ருசிக்காக அல்ல, பயத்தில்.

வங்கி வேலைக்காக இந்த ஊருக்கு வந்தபோது வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி: "நீங்க நான்வெஜ்ஜா சார்?" கோழி, ஆடு மட்டும்தான் என்று பொய் சொன்னேன். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சட்டியை விசாரிக்கிறார்கள். அம்மா வைக்கிற கறிக்குழம்பு குக்கரில் ஏழெட்டு விசில் கேட்கும். வாசம் தெருவுக்கே சேதி சொல்லிடும். வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்த் திரும்புறதுக்குள்ள முடியிற சமையல் தேவைப்பட்டது. வடசென்னைத் தள்ளுவண்டிகளில் பார்த்தது கைகொடுத்தது.

கால் கிலோ எலும்பில்லாத கறியை ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் கத்திக்கு அடங்கும். நாருக்குக் குறுக்கே, காகிதம் மாதிரி மெல்லிசா சீவணும். கால் ஸ்பூன் சமையல் சோடா பிசறி இருபது நிமிசம் கழித்துக் கழுவி, சோயா சாஸ், மிளகு, சோளமாவு போட்டுப் பிரட்டணும். நூடுல்ஸை முக்கால் பதம் வேகவைத்து வடிச்சுக்கணும். இரும்புச் சட்டி புகையிற அளவுக்குக் காய்ந்ததும் கறியை இரண்டு தடவையாகப் போட்டு எடுக்கணும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணி விட்டுடும். பிறகு பூண்டு, வெங்காயம், கோஸ், நூடுல்ஸ், கடைசியில் கறி. அடுப்பு எரியிறது பத்து நிமிசம்தான்.

கறிக்கு ஏன் இத்தனை பாடு? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டை, இல்லையென்றால் அடிபட்டோ நோயிலோ முடங்கிப்போன மாட்டைத்தான் சான்று வாங்கி வெட்டலாம். உழைத்து ஓய்ந்த உடம்புதான் நம்ம சட்டிக்கு வருது. அது கடினமாத்தான் இருக்கும்.

2015இல் தாத்ரி அருகே முகமது அக்லாக்கை வீட்டில் மாட்டுக்கறி இருக்கிறது என்ற வதந்தியிலேயே அடித்துக் கொன்றார்கள். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தது. இதையெல்லாம் கண்டித்துக் கூட்டத்தில் கவிதை வாசித்தவன்தான் நான். தோழர்களோடு பந்தியில் உட்கார்ந்து மாட்டுக்கறி தின்றவன்தான். வீட்டுக்கு வந்து சன்னலைச் சாத்தியவனும் நான்தான்.

ஒருநாள் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா இதுக்கு மட்டும் சன்னல சாத்துற?"

பதில் இல்லை. பார்ப்பனியம் என் அடுக்களைக்குள் வர ஆள் அனுப்பத் தேவையில்லை. கொண்டியைப் போட்டது என் கைதான். சொல்லாமலே ஒரு வெட்கத்தைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே திறந்தேன். வீட்டுக்காரர் வந்து, "என்ன சார் வாசன?" என்றார். "மாட்டுக்கறி" என்றேன். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். அடுத்த வீடு கிடைக்க ஏழு இடம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் முதலிலேயே சொன்னேன்.

எல்லோராலும் இது முடியும் என்று சொல்ல மாட்டேன். கைக்குழந்தையோடு தெருவில் நிற்க யாரையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மாதச் சம்பளமும் சங்கமும் உள்ள நம்மைப் போன்றவர்கள் மாட்டுக்கறியை விழா மேடையில் மட்டும் வைத்தால் போதாது. செவ்வாய்க்கிழமை ராத்திரி, சாதாரணச் சாப்பாடாக, நம்ம வீட்டில் அது வேகணும்.

இப்பவும் அதே பத்து நிமிசம்தான். முன்னாடி அது பயத்தோட அவசரம். இப்ப வேலை முடிஞ்சு வந்தவனோட பசி.