மானாவாரி நிலம் சொத்தாகுமா?

வானொலிக்கும் டெலிவிஷனுக்கும் லைசென்சு எடுத்து, ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டிய காலம் ஒன்று இருந்தது. 1980-களின் நடுவில் இந்திய அரசு அக்கட்டணத்தை எல்லோருக்குமே நீக்கிவிட்டது. முதியோர் சலுகை கேட்டு மனுப் போடும் வேலை இல்லாமற் போயிற்று. இன்றும் தூர்தர்ஷனின் ‘ஃப்ரீ டிஷ்’ கருவியை ஒருமுறை வாங்கினால் போதும்; மாதக் கட்டணம் கிடையாது.

பிரிட்டனில் லைசென்சு தொடர்கிறது. 75 வயது நிறைந்தவர்களுக்கு 2000-இல் அது இலவசமாயிற்று. 2020 ஆகஸ்டில், வறிய முதியோருக்கான அரசு உதவித்தொகை பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. வரம்பைச் சற்றே தாண்டிய முதியவர்கள் முழுக் கட்டணம் கட்ட நேர்ந்தது.

வரம்பு போட்டால் இந்தத் தொல்லை எங்கும் உண்டு. தமிழக முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. ஆனால் மனுதாரரின் சொத்து மதிப்புக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். திட்டக்குடி வட்டத்தில் வெலிங்டன் ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டில் மானாவாரி வைத்திருப்பவருக்கு, மழை பொய்த்தால் விதைச் செலவுகூடத் திரும்பாது. காகிதத்தில் மட்டும் அவர் சொத்துக்காரர்! உழைக்க முடியாத வயதில், நிலத்தை விற்றால்தான் உதவி என்ற நிலை வரலாகாது.

மானாவாரி நிலத்தை விலை மதிப்பால் அளக்காமல், விளைச்சலால் அளக்க அரசு முன்வர வேண்டும். மனு தள்ளுபடியானால் முதியவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.