முழவொலியும் முகச்சுளிப்பும்

ஓசை மிகுந்தது இசையாகாது என்னும் எண்ணம் தமிழ் கற்றோர் சிலரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு உறுமி மேளம் முழங்கும்போதெல்லாம் அவ்வெண்ணம் முகச்சுளிப்பாக வெளிப்படுகின்றது. கூச்சல், காலித்தனம், படிப்பைக் கெடுப்பது என்னும் மூன்று சொற்களில் உழைக்கும் மக்களின் இசைக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. இத்தீர்ப்பு நேர்மையானதுதானா?

ஓசையையே உயிராகக் கொண்ட வேறோர் இசையை ஈண்டு நோக்குதல் தகும். 1963-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த உழைப்பாளர் குடும்பம் ஒன்றின் பிள்ளைகள் மால்கம் யங், அங்கஸ் யங் ஆகியோர். இவ்விருவரும் 1973-இல் சிட்னியில் தொடங்கிய ஏ.சி./டி.சி. என்னும் ஹார்ட் ராக் குழு, செவியை அதிரவைக்கும் மின்கித்தார் முழக்கத்தால் உலகெங்கும் அறியப்பட்டது. 1980-இல் பாடகர் பான் ஸ்காட் இறந்தார், குழு கலையவில்லை. மறதிநோயால் 2014-இல் விலகிய மால்கம் 2017-இல் மறைந்தார். அவருடைய இடத்தில் மூத்த அண்ணன் மகன் ஸ்டீவி யங் நின்றார். 2020 நவம்பரில் "பவர் அப்" என்னும் புதிய இசைத்தொகுப்பு வெளிவந்தபோது பாடகர் பிரையன் ஜான்சனுக்கு அகவை 73. அதன் 12 பாடல்களும் உடன்பிறந்தார் இருவரும் முன்னரே ஆக்கிவைத்த இசைக்கூறுகளிலிருந்து எழுந்தவை. அவற்றை ஆக்கியோராக மறைந்தவர் பெயரும் இருப்பவர் பெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டன.

அவ்விசை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது ஈண்டு வழக்கன்று. மாண்டவனின் இசை மாளாதிருந்தது எதனால் என்பதே வினா. அது பதிவு செய்யப்பட்டது. ஆக்கியவன் பெயர் காக்கப்பட்டது. இளையவன் கைக்கு முறையாக மாற்றப்பட்டது. இம்மூன்றில் எது தோட்டப்புறக் கலைஞனுக்குக் கிட்டியது?

லாபுவிலும் பகாவிலும் போர்ட்டிக்சனிலும் பால்மரங்களை வெட்டியவர்கள் பெரட்டுக்குச் செல்லும் விடியலையும், கங்காணியின் கொடுமையையும், கடல்கடந்த ஏக்கத்தையும் பாட்டாக்கினார்கள். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டன, தோட்டங்கள் சில குடியிருப்பு நகரங்களாயின, லயங்கள் சரிந்தன. பாடிய மூதாட்டி மறைந்தபோது அவள் பாட்டும் மறைந்தது. ஒருசிலர் தனிமுயற்சியால் தொகுத்து நூலாக்கினர். சமூகமோ கைகட்டி நின்றது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைக்கின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என்று வகுப்பறையில் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வில் மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அதே மாணவன் மாலையில் உறுமியைத் தோளில் மாட்டினால் அவனைக் கெட்டவன் என்கின்றனர். ஏட்டில் இருக்கும் பறைக்கு வணக்கம், வீதியில் முழங்கும் பறைக்கு வசை! இது தமிழ்ப்பற்றா?

உறுமிக் குழுக்களிடம் குறையே இல்லை என்று எவரும் வாதிடவில்லை. திரைப்பாட்டின் மெட்டுக்கு அடிமைப்படுதலும், திருவிழாக்களில் குழுவுக்குக் குழு மோதுதலும் கண்டிக்கத்தக்கவையே. ஆயினும் வளைகோலால் தோலைத் தேய்த்து உறுமவைக்கும் நுட்பத்தையும், பம்பையோடும் தவிலோடும் இணங்கிச் செல்லும் தாளமுறையையும் இளைஞர்க்குக் கற்பிக்கும் ஆசானை அமர்த்தாத சமூகம், அவர்கள் நெறிதவறினர் என்று பழிப்பது முறையன்று. வேலியிடாதவன் பயிர் மேய்ந்த மாட்டை மட்டும் நொந்து பயனில்லை.

தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இப்பணியைத் தொடங்கலாம். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மாணவன் ஒவ்வொருவனும் தன் பாட்டியின் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து, பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பாடிய ஆண்டு ஆகியவற்றோடு எழுதிக் கொணரட்டும். ஆசிரியர் அதனை இலக்கிய வகுப்பில் வைத்துப் பொருள் காணட்டும். முதிய உறுமிக் கலைஞர் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளி மேடையேறி, மாலையணிந்து, மாணவர்க்கு அடவு கற்பிக்கட்டும்.

கிளாஸ்கோவிலிருந்து சென்ற குடும்பம் தன் அண்ணனின் இசையை அவன் மறைவுக்குப் பின்னும் ஒலிக்கச் செய்தது. கடல்கடந்து வந்து காட்டை அழித்து நாட்டை ஆக்கிய குடும்பங்களின் பாட்டு, அவர்தம் பேரர் காலத்திலேயே ஊமையாவதா? முகத்தைச் சுளிப்பதை விடுத்துச் செவியைத் திறப்பதே தமிழாசிரியர் செய்யத்தக்க முதற்பணி.