படம் முடிந்தது! பாடம் முடிந்ததா?

தாமிரபரணிக் கரையில் பிறந்த சினிமாக் கதைகள்

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் பால் கலந்த டீ. இன்னொன்றில் பால் கலக்காத டீ. இரண்டுக்கும் நடுவே ஒரு மல்லிகைப் பூ.

2018-ம் ஆண்டு வந்த "பரியேறும் பெருமாள்" படம் இந்தக் காட்சியோடு முடிகிறது. ஒரு டம்ளர் பையன் குடித்தது. இன்னொன்று பெண்ணின் தகப்பனார் குடித்தது. டம்ளர்கள் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஒட்டவில்லை. நடுவில் சாதி நிற்கிறது.

இந்தப் படத்தை எடுத்தவர் மாரி செல்வராஜ். ஸ்ரீவைகுண்டம் பக்கம் உள்ள புளியங்குளத்துக்காரர். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்.

அரிவாள் போய், அழுகை வந்தது

திருநெல்வேலி என்றால் உலகத்துக்கு அல்வா ஞாபகம் வரும். ஆனால் சினிமாக்காரர்களுக்கு நெடுநாளாக அரிவாள்தான் ஞாபகம் வந்தது. மீசை, ஜீப்பு, வெட்டு, குத்து! இதுதான் அவர்கள் காட்டிய நெல்லைச் சீமை.

வெட்டுப்பட்டவன் வீட்டில் என்ன நடந்தது? வயலில் கூலி வேலை செய்தவன் என்ன சாப்பிட்டான்? பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளை எங்கே உட்கார்ந்தான்? இதை யாரும் கேட்கவில்லை. மாரி செல்வராஜ் கேட்டார்.

"பரியேறும் பெருமாள்" கதாநாயகன் சட்டக் கல்லூரி மாணவன். தன்னோடு படிக்கும் பெண்ணிடம் சிநேகமாகப் பழகுகிறான். அதற்காக அவனை அடிக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள். கூத்தில் பெண் வேஷம் கட்டும் அவன் தகப்பனாரைத் தெருவில் ஓட ஓட விரட்டுகிறார்கள்.

2021-ல் வந்த "கர்ணன்" படத்தில் ஒரு கிராமம். அங்கே பஸ் நிற்பது இல்லை. பஸ் நிறுத்தம் கேட்ட ஜனங்களுக்குக் கிடைத்தது போலீஸ் தடியடி. படத்தில் ஊரின் பெயர் பொடியன்குளம். ஆனால் பார்த்தவர்களுக்கு ஞாபகம் வந்த ஊர் கொடியன்குளம். 1995 ஆகஸ்டு 31-ந் தேதி, தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அந்த ஊருக்குள் போலீசார் பெரும்படையாகப் புகுந்தார்கள். வீடுகளையும் சாமான்களையும் உடைத்தார்கள்.

2024-ல் வந்தது "வாழை". அது டைரக்டரின் சொந்தக் கதை. லீவு நாளில் பள்ளிச் சிறுவன் வாழைத்தார் சுமக்கிறான். வீட்டுக் கடன் அப்படி! கடைசியில் தார் ஏற்றிய லாரி கவிழ்கிறது. அதன் மேல் உட்கார்ந்து வந்த கூலியாட்கள் சாகிறார்கள். 1990-களின் கடைசியில் மெய்யாகவே நடந்த விபத்து இது.

நம் வீட்டு விசேஷத்தில் வாசலில் வாழை கட்டுகிறோம். இலை போட்டுச் சாப்பிடுகிறோம். அந்தத் தாரைச் சுமந்த தோளை என்றைக்காவது நினைத்தது உண்டா? இந்தப் படம் நினைக்க வைத்தது.

உண்மை சொன்னால் வம்பு

ஊரில் நடப்பதைப் படத்தில் சொன்னால் எல்லோருக்கும் பிடிக்குமா? பிடிக்காது.

"கர்ணன்" கதை நடந்த வருடம் 1997 என்று முதலில் காட்டினார்கள். "அப்போது நடந்தது வேறு கட்சி ஆட்சி ஆயிற்றே?" என்று ஆட்சேபம் வந்தது. பிறகு, 1990-களின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். கதைதானே என்று யாரும் விட்டுவிடவில்லை. சரித்திரம் போலவே கணக்குப் பார்த்தார்கள்!

இங்கே வருடத்தை மாற்றியதோடு போயிற்று. ஈரான் தேசத்தில் டைரக்டரையே சிறைக்கு அனுப்புகிறார்கள். ஜாபர் பனாஹி என்பவர் அந்த நாட்டு ஜனங்களின் கஷ்டத்தைப் படமாக எடுத்தார். 2010-ல் அவருக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். இருபது ஆண்டு படம் எடுக்கக் கூடாது என்றும் தடை போட்டார்கள்.

அவர் சும்மா இருந்தாரா? ஒரு வாடகைக் காருக்குள் காமிராவை வைத்தார். தானே காரை ஓட்டினார். ஏறி இறங்குகிறவர்களின் பேச்சே படம் ஆயிற்று! 2015-ல் அந்தப் படம் பெர்லினில் முதல் பரிசு பெற்றது. 2025-ல் கான் விழாவிலும் அவருடைய இன்னொரு படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது.

தெஹ்ரான் வேறு, திருநெல்வேலி வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் நடந்த காரியம் ஒன்றுதான். ஊர் மறைத்ததைப் படம் சொன்னது.

படம் பார்த்தோம். பிறகு?

"பரியேறும் பெருமாள்" படத்தைப் பார்த்து ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். கை தட்டினார்கள். ஐந்து வருடம் கழிந்தது.

2023 ஆகஸ்டு மாதம். நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் ரவுடிகள் அல்ல. கூடப் படித்த பையன்கள்! காரணம், சாதி.

நாடே திடுக்கிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை விசாரித்து யோசனை சொல்லும்படி அரசு கேட்டது. 2024 ஜூன் மாதம் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்கூடத்தில் கூடாது என்றார்.

வெட்டுப்பட்ட மாணவன் அஞ்சி ஒதுங்கவில்லை. படித்தான். பிளஸ் டூ பரீட்சையில் தேறினான்.

அப்படியானால் சினிமாவால் பிரயோஜனமே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது.

"பரியேறும் பெருமாள்" படத்தில் தகப்பனாராக நடித்தவர் தங்கராஜ். நிஜத்திலும் அவர் கூத்துக் கலைஞர். பாளையங்கோட்டைப் பக்கம் வறுமையில் வாழ்ந்தவர். எத்தனையோ பேர் அவரைத் தெருவில் பார்த்திருப்பார்கள், பேசாமல் போயிருப்பார்கள். படம் வந்த பிறகு ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய கஷ்டம் செய்தியாக வெளிவந்ததும், மாவட்ட நிர்வாகமும் எழுத்தாளர் சங்கத்தாரும் உதவிக்கு வந்தார்கள். 2023-ல் அவர் காலமானபோது நெல்லை மட்டும் அல்ல, தமிழ்நாடே வருந்தியது.

படம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அது காட்டும். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டு போவது நம் வேலை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் பையன் கையில் கயிறு கட்டி இருக்கிறானா? என்ன கலர்? யார் கட்டச் சொன்னார்கள்? அடிக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அவனுடைய சிநேகிதன் வீட்டுக்கு வந்தால், "நீ எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

இரண்டு டம்ளரிலும் ஒரே டீயை ஊற்றுங்கள்.